ஹீட்டர் ராடை அளந்து ஓமும் வாட்டும் கணக்கிடுவது எப்படி

ஒரு சாதனத்தின் மேல் நிற்கும் வோல்ட்டையும் அதற்குள் ஓடும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் அளந்துவிட்டால் மற்ற இரண்டும் வந்துவிடும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது மின்திறன். ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகூடப் போட்டுவிடும் கணக்கு. தப்பு வருவது கணக்கில் இல்லை. எந்த இடத்து வோல்ட்டை எடுத்தோம், எப்போது எடுத்தோம் என்பதில்தான். “வீட்டுக்கு வருவது 230” என்று எழுதிக்கொண்டு அதைக் கிளாம்ப் மீட்டர் (கம்பியை வெட்டாமல் வெளியிலிருந்து கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர்) காட்டிய ஆம்பியரோடு பெருக்குகிறவர்கள் நிறையப் பேர். லோடு ஓடும்போது அந்த பிளக்கில் 224தான் இருந்திருக்கும். அப்படிப் பெருக்கி வந்த வாட் அந்தச் சாதனம் எடுத்த வாட் இல்லை.

பழகிப் பார்ப்பதற்கு 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடைவிட நல்ல பொருள் கிடையாது. உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பிச் சுருள். சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதம்தான் கூடும். மோட்டார் போலவோ எல்இடி பல்பு போலவோ அது கணக்கைக் குழப்பாது.

அளக்கும் முன் விடையை எழுதிவையுங்கள்

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், ராடில் எழுதியிருப்பதை வைத்து வரவேண்டிய விடையைத் தாளில் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மீட்டர் 0.65 என்று காட்டினாலும் 65 என்று காட்டினாலும் நம்பிவிடுவோம்.

1500 ÷ 230 = 6.52 ஆம்பியர்.
230 ÷ 6.52 = 35.3 ஓம்.

ராடு சரியாக 1500 வாட் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. சூடாக்கும் வீட்டுச் சாதனங்களுக்கான தரவிதி, எழுதியிருப்பதைவிட 5 சதவீதம் கூடவோ 10 சதவீதம் குறையவோ அனுமதிக்கிறது. ஆக 1350 முதல் 1575 வாட் வரை எல்லாம் நல்ல ராடுதான். ஓமில் சொன்னால் 39.2 முதல் 33.6 வரை. இந்த எல்லைக்குள் வருகிறதா என்பதுதான் கேள்வி. 35.3 அப்படியே வரவில்லையே என்று ராடைத் தூக்கி எறிய வேண்டாம்.

அளப்பதற்கு ஒரு பெட்டி

கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு கம்பிதான் போகவேண்டும். ராடின் வயரை அப்படியே மொத்தமாகக் கவ்வினால் மீட்டர் 0 காட்டும். ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் எதிரெதிர் திசையில் ஓடி ஒன்றின் காந்தப் புலத்தை மற்றொன்று அடித்துவிடுகிறது. புதிதாக கிளாம்ப் மீட்டர் வாங்கியவர்கள் “மீட்டர் டெட்” என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அதற்காக ராடின் வயரைப் பிளக்கக் கூடாது. தனியாக ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் செய்துகொள்ளுங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் கேபிள் ஒரு மீட்டர், ஒரு முனையில் 16 ஆம்பியர் பிளக், மறுமுனையில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் 16 ஆம்பியர் சாக்கெட். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெளித்தோலை மட்டும் உரிக்க வேண்டும். பிளேடை நீளவாக்கில், அழுத்தாமல் ஓட்டி, கேபிளை வளைத்தால் தோல் தானே பிளந்து வரும். உள்ளே இருக்கும் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகளின் இன்சுலேஷனில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. விழுந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காமல் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இப்போது சிவப்புக் கம்பியை மட்டும் கவ்வலாம்.

வோல்ட் பார்ப்பதற்கு சாக்கெட்டின் துளைக்குள் மீட்டர் முனைகளை விட்டுக்கொண்டு நிற்பது நல்ல பழக்கமில்லை. ஷட்டர் உள்ள சாக்கெட்டில் அவை நுழையவும் செய்யாது. பேனலில் பொருத்துகிற சின்ன டிஜிட்டல் ஏசி வோல்ட் மீட்டர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். அதைப் பெட்டியில் துளை போட்டு, சாக்கெட்டின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இணைத்துவிடுங்கள். ஒருமுறை நல்ல மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு, எத்தனை வோல்ட் கூடவோ குறையவோ காட்டுகிறது என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டால் போதும்.

மல்டிமீட்டரை மட்டும் வைத்து ஆம்பியர் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 10 ஆம்பியர் துளையில் சிவப்பு முனை இருக்கும்போது மீட்டர் ஏறக்குறைய ஒரு வெறும் கம்பி. அதே துளையில் முனையை விட்டுவிட்டு, திருகை மட்டும் வோல்ட்டுக்கு மாற்றி பிளக்கில் குத்தினால் நேரடி ஷார்ட். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்த 10 ஆம்பியர் வழிக்கு ஃபியூஸே கிடையாது. முனையின் நுனி உருகித் தெறிக்கும். வீட்டுக் கரண்டுக்கு கிளாம்ப்தான் சரி. மல்டிமீட்டரைத் தொடரில் போட்டு ஆம்பியர் பார்க்கும் வேலையை 12 வோல்ட் பேட்டரி சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளக்கும் முறை

பிளாஸ்டிக் வாளியில் ராடில் போட்டிருக்கும் குறிவரை தண்ணீர். ராடு தண்ணீருக்குள் போன பிறகே சுவிட்ச். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை தண்ணீருக்குள்ளும் ராடின் மேலும். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

முதலில் ராடு ஓடாதபோது பெட்டி காட்டும் வோல்ட்டைக் குறியுங்கள். சுவிட்சைப் போட்டு அரை நிமிடம் விட்டு வோல்ட்டையும் ஆம்பியரையும் சேர்த்துக் குறியுங்கள். அணைத்து மறுபடி வோல்ட். இப்படி மூன்று முறை. ஏன் மூன்று முறை என்றால், பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டாலே நம் வீட்டு வோல்ட் மாறும். ஒரே தடவை பார்த்தால், இறங்கியது ராடால் இறங்கியதா, தெருவில் யாரோ எதையோ போட்டதால் இறங்கியதா என்று தெரியாது. கியார்க் சைமன் ஓம் தம் ஆய்வில் பட்டதும் இதே பாடுதான். அவர் காலத்து மின்கலங்களின் வோல்ட் ஒரு நிலையில் நிற்கவில்லை. அதனால் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்பமின் இணைப்பில் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான வோல்ட்டை எடுத்தார். 1827இல் அவர் வெளியிட்ட நூல் வழியாகத்தான், வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை என்று நாம் போடும் கணக்கு ஓம் விதி என்று அவர் பெயரில் நிலைத்தது.

நம் அளவுகள் இப்படி வந்தன என்று வைத்துக்கொள்வோம்: ராடு ஓடாதபோது 232 வோல்ட், ஓடும்போது 224 வோல்ட், 6.35 ஆம்பியர்.

மின்தடை: 224 ÷ 6.35 = 35.3 ஓம்.
மின்திறன்: 224 × 6.35 = 1422 வாட்.

1500 வாட் ராடு 1422 வாட்தான் எடுக்கிறதே, கம்பெனி ஏமாற்றுகிறதா? இல்லை. ராடின் பெயர்ப்பலகை பேசுவது 230 வோல்ட்டுக்கு. 230ஐ 230ஆல் பெருக்கி 35.3ஆல் வகுங்கள்: 1499 வாட். ராடு நல்ல ராடு. கடையில் வாட் குறைகிறது என்று சண்டை போடுவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிட வேண்டும். ராடோடு ஒட்டி நிற்பது ஓம்தான். வாட் வோல்ட்டோடு ஏறி இறங்கும்.

அதுவும் நேர் விகிதத்தில் இறங்காது, வோல்ட்டின் வர்க்கத்தில் இறங்கும். லோ வோல்டேஜில் 190 வந்தால் இதே ராடு 190 × 190 ÷ 35.3 = 1023 வாட். வோல்ட் குறைந்தது 17 சதவீதம், சூடு குறைந்தது 32 சதவீதம். 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 48 டிகிரிக்கு ஏற்ற 1500 வாட்டில் பத்தொன்பது நிமிடம் ஆகும். 1023 வாட்டில் இருபத்தேழு நிமிடம். இரண்டிலும் ஓடும் யூனிட் ஏறக்குறைய அரைதான். லோ வோல்டேஜ் என்றால் கரண்ட் பில் குறையும் என்ற நம்பிக்கை ஹீட்டருக்குச் செல்லாது. எடுக்கும் நேரம்தான் கூடும்.

எட்டு வோல்ட் எங்கே போனது

ராடு நல்லது என்று தெரிந்ததும் தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். இந்த அளவீட்டில் உண்மையான லாபம் 232க்கும் 224க்கும் நடுவில் இருக்கிறது. அந்த 8 வோல்ட் வழியில் எங்கேயோ விழுகிறது. 8 × 6.35 = 51 வாட். ஐம்பது வாட் சூடு சுவருக்குள்ளும் போர்டுக்குள்ளும் தெருவயரிலுமாகக் கரைகிறது. எந்த இடத்தில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மெயின் போர்டில் ஓர் ஆளை நிறுத்தி, ராடைப் போட்டு அணைக்கும்போது அங்கே எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அங்கே 2 வோல்ட் இறங்கினால் அது வெளியிலிருந்து வரும் லைனுடைய பங்கு. மீதி 6 வோல்ட் வீட்டுக்குள்.

மெயினிலிருந்து குளியலறை பிளக்குக்கு 20 மீட்டர், 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் என்றால், போக 20 வர 20, மொத்தம் 40 மீட்டர். இந்தத் திரும்பும் வழியைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். 1.5 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்ஸிபிள் வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 13.3 ஓம். 40 மீட்டருக்கு 0.53 ஓம். 6.35ஆல் பெருக்கினால் 3.4 வோல்ட். இது வயரின் நியாயமான பங்கு.

6இல் 3.4 போனால் மீதி 2.6 வோல்ட். இதற்கு வயரைக் குறை சொல்ல முடியாது. எங்கேயோ ஒரு ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சாக்கெட்டின் பித்தளை நாக்கு வாய் விரிந்து பிளக்கின் காலைப் பிடிக்காமல் நிற்கிறது. 2.6 ÷ 6.35 = 0.41 ஓம். அரை ஓம்கூட இல்லை. ஆனால் 2.6 × 6.35 = 16.5 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னுக்குப் போகும் சூடு கடுகளவு இடத்தில் சேர்கிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: ஒரு கால் மட்டும் பளபளப்பு போய் ஊதாவும் கறுப்புமாக இருக்கும், சாக்கெட்டில் அந்தத் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறி உப்பியிருக்கும், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் கருகிய மீன் போன்ற வாடை வரும். கரண்ட் அளவு மிஞ்சினால் தானே விழும் சுவிட்சான எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. கரண்ட் 6.35தான், 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒன்றுமே இல்லை. பிளக் எரிந்த பிறகு “ஏன் டிரிப் ஆகலை” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

தீர்வு: சாக்கெட்டை மாற்ற வேண்டும். பழைய நாக்கைக் குறடால் நசுக்கிச் சேர்ப்பது ஒரு மாதம் தாங்கும். சூட்டில் முறுக்கு இழந்த பித்தளை மறுபடி விரியும். புதிய சாக்கெட்டில் வயரைச் செருகும்போது கறுத்த செம்பை வெட்டிவிட்டு, புதிதாக உரித்த முனையை முறுக்கி, ஸ்க்ரூவை இறுக்கி, இழுத்துப் பாருங்கள். பிறகு மறுபடி அளவு எடுங்கள். 224 இருந்த இடத்தில் 226க்கு மேல் வந்தால் கோளாறு போய்விட்டது.

ஓம் மீட்டர் எதற்கு, எதற்கு இல்லை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ராடு பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் கால்களில் வைத்தாலே 35 ஓம் காட்டுமே என்று தோன்றும். காட்டும். முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று பார்த்து (0.2 முதல் 0.5 வரை இருக்கும்) அதைக் கழித்துக்கொள்ளுங்கள். சுருள் அறுந்ததா இல்லையா என்று பார்க்க இது போதும். ஆனால் மேலே பார்த்த 0.41 ஓம் கோளாறு இந்த முறைக்கு அகப்படவே அகப்படாது. மீட்டர் தன் சின்ன பேட்டரியால் மிகக் குறைந்த கரண்டை அனுப்பித்தான் ஓமைப் பார்க்கிறது. தளர்ந்த ஜாயின்ட்டில் ஒரு மயிரிழைச் செம்பு தொட்டிருந்தாலும் அதற்கு எல்லாம் சரியே. 6 ஆம்பியர் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

எர்த் கசிவும் அப்படியே. ஃபேஸ் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே மீட்டரின் மிகப் பெரிய ஓம் அளவில் திறந்த சுற்று காட்ட வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்டினால் ராடுக்குள் ஈரம் புகுந்துவிட்டது. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுவதற்கு 230 ÷ 0.03 = 7667 ஓம் கசிவு போதும். ஆனால் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை என்பதால் ராடு பாதுகாப்பு என்று ஆகிவிடாது. சில வோல்ட்டில் கசியாத இன்சுலேஷன் 230இல் கசியலாம். அதைப் பார்க்க 500 வோல்ட் மெகர், அதாவது உயர் வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர், வேண்டும். ராடைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது, மல்டிமீட்டர் சுத்தம் என்கிறது என்றால் ஆர்சிசிபியை நம்புங்கள். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கும் யோசனை யாருக்கும் வரவே கூடாது.

குண்டு பல்பில் ஓம் மீட்டர் முழுதாகவே தவறாக வழிகாட்டும். 100 வாட் குண்டு பல்பு எரியும்போது 529 ஓம். அணைந்து ஆறியபின் மீட்டரில் வைத்தால் 40 ஓமுக்கு அருகில்தான் இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் பல்பு 1300 வாட் என்று வரும். டங்ஸ்டன் சூடேறச் சூடேற மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறுவதுதான் காரணம். சுவிட்சைப் போட்ட கணத்திலேயே பல்பு பீஸ் போவதும் இதனால்தான்.

எந்தச் சூத்திரத்தில் பிழை குறைவு

வாட்டுக்கு மூன்று வழி உண்டு: வோல்ட் × ஆம்பியர்; ஆம்பியரின் வர்க்கம் × ஓம்; வோல்ட்டின் வர்க்கம் ÷ ஓம். இரண்டும் அளந்திருந்தால் முதல் வழியை விட்டு நகராதீர்கள். வர்க்கம் வரும் இடத்தில் மீட்டரின் பிழையும் இரட்டிக்கிறது. கிளாம்ப் 2 சதவீதம் தப்பாகக் காட்டினால் பெருக்கலில் 2 சதவீதம் தப்பு, வர்க்கத்தில் 4 சதவீதம். மற்ற இரண்டும் ஒன்றை அளக்க முடியாத இடத்துக்கு, வயரில் வீணாகும் வாட்டைப் பார்ப்பது போன்ற வேலைக்கு.

சின்ன கரண்டில் கிளாம்ப் தடுமாறும். 0.3 ஆம்பியர் எடுக்கும் சீலிங் ஃபேனை அளக்கவேண்டுமானால் சிவப்புக் கம்பியைக் கிளாம்பின் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி, வந்த எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். பெட்டியில் ஒரு சாண் இடத்தில் இது நடக்காது. மெல்லிய கம்பியில் நீளமாகத் தனி எக்ஸ்டென்ஷன் ஒன்று வேண்டும்.

மோட்டாருக்கு வந்தால்

ஃபேன், மோட்டார், ஃபிரிட்ஜ் இவற்றில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வாட் இல்லை, வோல்ட் ஆம்பியர். கரண்ட் வோல்ட்டுக்குப் பின்தங்கி ஓடுவதால் உண்மை வாட் அதைவிடக் குறைவாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வீட்டு மீட்டரே போதும். மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டி, சிவப்பு விளக்கு மினுக்குவதை எண்ணுங்கள். முதல் மினுக்கில் கடிகாரத்தைத் தொடங்கி அதைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும். ஒன்று என்று எண்ணினால் ஒரு துடிப்பு தப்பும். பத்துத் துடிப்புக்கு 7.5 வினாடி ஆனால்:

10 ÷ 3200 × 3600 ÷ 7.5 = 1.5 கிலோவாட்.

அதே நேரம் 215 வோல்ட், 9 ஆம்பியர் இருந்தால் பெருக்கல் 1935. 1500ஐ 1935ஆல் வகுத்தால் 0.78, அதுதான் பவர் ஃபேக்டர். ராடுக்கும் ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். இரண்டு வழியும் ஒரே விடை தந்தால் உங்கள் கிளாம்பும் பெட்டியும் சரி.

மோட்டார் காயிலின் ஓமை மீட்டரில் பார்த்து 230ஐ அதனால் வகுப்பது வீண் வேலை. 3 ஓம் என்று காட்டும். 77 ஆம்பியர் என்று விடை வரும். சுழலும் மோட்டாரில் கரண்டைக் கட்டுப்படுத்துவது செம்பின் மின்தடை அல்ல, சுருளின் காந்த எதிர்ப்பு.

ஆனால் மோட்டாருக்குப் போகும் வயருக்கு ஓம் விதி அப்படியே பொருந்தும். வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கும் கிணற்றில் ஒன்றரை எச்பி மோட்டார், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் என்று வையுங்கள். போக வர 120 மீட்டர், கிலோமீட்டருக்கு 7.98 ஓம், ஆக 0.96 ஓம். ஓடும்போது 9 ஆம்பியருக்கு 8.6 வோல்ட் இறங்கும், பரவாயில்லை. ஸ்டார்ட் ஆகும் கணத்தில் கரண்ட் ஐந்து மடங்கு, 45 ஆம்பியர். அப்போது இறங்குவது 43 வோல்ட். மாலை நேரத்தில் மெயினில் 200 இருந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 157க்கு அருகில். மோட்டார் உறுமும், சுற்றாது. கெபாசிட்டரை மாற்றிப் பார்ப்பார்கள், புஷ்ஷை மாற்றிப் பார்ப்பார்கள். 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்தால் கிலோமீட்டருக்கு 4.95 ஓம், 120 மீட்டருக்கு 0.59 ஓம், ஸ்டார்ட்டில் இறக்கம் 27 வோல்ட். அதே மாலையில் அதே மோட்டாருக்கு 173 கிடைக்கும்; பல மோட்டார்கள் அதில் கிளம்பிவிடும். காயில் கட்டக் கொடுப்பதற்கு முன், ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மோட்டாரின் முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.